காதால் படித்த எண்

பதினோரு வருடம் என் வேலை கேட்பதும் தட்டுவதும்தான். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், கண்டதையும் செய்ததையும் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வாடகை வீட்டு மாடியறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் அதை எழுத்தாக்குவேன். காலடியில் ஒரு பெடல் இருக்கும். அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். கார் ஓட்டிக்கொண்டே பேசுகிற டாக்டர்கள் உண்டு, வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர்களும் உண்டு. ஐந்து முறை, ஆறு முறை ஓட்டிக் கேட்டும் பிடிபடாத வார்த்தை வந்தால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான், கடைசி நாள் வரை நான் அதை மீறியதில்லை.

பிறகு கம்ப்யூட்டரே கேட்டுத் தட்ட ஆரம்பித்தது. எங்களைத் திருத்தச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் திருத்தவும் அதிகம் இல்லாமல் போனது. ஒரு வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து வேலை இல்லை என்று நான்கே வரி.

எனக்கு முப்பத்தொன்பது வயது. விலங்கியல் படித்தது எப்போதோ மறந்துவிட்டது. அரியமங்கலத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவர், "வேற பாத்துக்கலாம் விடு" என்றார். அவர் சொன்ன வேகத்திலேயே அவருக்கும் பயம்தான் என்று தெரிந்தது.

அந்த மாதமே அவருக்குப் பட்டறையில் விரலில் தகடு வெட்டி, தையல் போட ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அவர் உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் கிளார்க் தேவை. நான்கு நாள் கழித்து அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ரெக்கார்ட் ரூம் பொறுப்பாளருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு இருபத்தெட்டு வயதுகூட இருக்காது.

"மெடிக்கல் வார்த்தையெல்லாம் உங்களுக்கு அத்துப்படி, அது நல்லது. ஆனா இங்க உக்காந்து செய்ற வேலை கம்மிங்க. ஏணில ஏறணும், எறங்கணும், தூக்கணும். முடியுமா?"

"முடியும் சார்."

"சார்லாம் வேணாம்க்கா, நீங்க பெரியவங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களை ஒரு ஃபைல் காணாமப் போச்சுன்னுதான் அனுப்பினாங்க. கடைசி வரைக்கும் அது கிடைக்கல. ஆறு மாசம் உங்களைப் பாப்பாங்க. அதுவரைக்கும் ரொம்பக் கவனமா இருங்க."

அவர் என்னை அக்கா என்றும் நான் அவரை சார் என்றும் கூப்பிடுவது அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றும் மாறவில்லை.

ரெக்கார்ட் ரூமில் ஜன்னல் கிடையாது. நூறு ரேக்குகள், சைபர் சைபரிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண். அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ, ஃபைல் அந்த ரேக்கில் இருக்க வேண்டும். டாக்டர் கேட்டு ஒரு ஃபைல் வெளியே போனால், அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டையைச் செருகுவோம். திரும்பி வந்ததும் நானோ அட்டெண்டரோ அட்டையை எடுத்துவிட்டு ஃபைலை வைத்து, நோட்டில் கையெழுத்துப் போடுவோம். சமீப வருடங்களின் விவரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு முந்தையதெல்லாம் காகிதம்தான். ஒரு ஃபைல் ரேக் மாறிப்போனால் தேட முகவரி கிடையாது. ஒரு லட்சத்துக்குமேல் ஃபைல்கள் இருக்கும் இடத்தில் அதுவும் ஒரு ஃபைல், அவ்வளவுதான்.

முதல் வாரம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண்ணின் ஃபைல் கையில் வந்தது. தினமும் காலையில் கோலம் போடும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பவர். பெயரைப் பார்த்ததும் அட்டையை மூடிவிட்டேன், ஆனால் மூடுவதற்குள் ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் அவர் சிரித்தபோது எனக்குச் சிரிக்க வரவில்லை. பதினோரு வருடமாக என் நோயாளிகள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இங்கே என்னோடு ஒரே பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை வருகிறார்கள்.

மூன்றாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி ஆகியிருந்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன். நான்தான் எடுத்தேன்.

நர்ஸ் அவசரமாகப் பேசினார். உப்பிலியபுரத்திலிருந்து வந்த ஐம்பத்திரண்டு வயது அம்மா. பித்தப்பையில் சீழ் பிடித்துவிட்டது. பதினோரு மணிக்கு ஆபரேஷன். காலையில் மயக்க மருந்து டாக்டர் பார்க்கப் போனபோது அந்த அம்மாவின் கணவர் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன்பு இதே மருத்துவமனையில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, முடிந்தபிறகும் அந்த அம்மாவால் தானாக மூச்சுவிட முடியவில்லை. சாயங்காலம் வரை மெஷினில் வைத்திருந்தார்கள். எந்த மருந்தால் அப்படி ஆனது என்று கணவருக்குத் தெரியாது. அப்போதிருந்த மயக்க மருந்து டாக்டர் இப்போது வெளிநாட்டில்.

"பழைய ஃபைல் வேணும், உடனே. அதைப் பாக்காம கை வைக்க மாட்டேன்னு டாக்டர் நிக்கிறாரு. தள்ளிப்போட்டா உள்ளுக்குள்ள வெடிச்சிடும்னு சர்ஜன் கத்துறாரு."

எண்ணை எழுதிக்கொண்டேன். கடைசி இரண்டு இலக்கம் ஒன்று, மூன்று. பதின்மூன்றாம் ரேக்குக்குப் போனேன். ஃபைல் இல்லை. மஞ்சள் அட்டையும் இல்லை. அட்டை இல்லையென்றால் ஃபைல் வெளியே போகவில்லை, அறைக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எங்கே?

பொறுப்பாளரிடம் சொன்னேன். டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தார். பதின்மூன்றாம் ரேக் முழுவதையும் இருவரும் மேலிருந்து கீழ்வரை பார்த்தோம். பிறகு அவர் கண் ஏமாறக்கூடிய எண்களாக யோசித்தார். ஒன்றை ஏழாகப் படித்திருக்கலாம், எழுபத்துமூன்றில் பார்த்தார். மூன்றை எட்டாகப் படித்திருக்கலாம், பதினெட்டில் பார்த்தார். முப்பத்தொன்றில் பார்த்தார். எங்கும் இல்லை.

"அட்டெண்டர் வேலைதான்க்கா இது. ஊருக்குப் போற அவசரத்துல எங்கயோ சொருகிட்டுப் போயிருக்காரு. போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்குறாரு."

நான் மேசைக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். இரண்டு வாரத்துக்கு முன்பு அந்த அம்மா வயிற்றுவலி என்று சர்ஜனைப் பார்க்க வந்திருந்தார். அன்றைக்கு ஃபைல் மேலே போயிருந்தது. மறுநாள் திரும்பி வந்திருந்தது. திரும்பி வந்த வரிக்கு நேராக இருந்த கையெழுத்து அட்டெண்டருடையது இல்லை. என்னுடையது.

நோட்டை மூடினேன். திறந்து இன்னொரு முறை பார்த்தேன். என் கையெழுத்துதான்.

பொறுப்பாளர் முதுகைக் காட்டிக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார். நோட்டைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அட்டெண்டர் மூன்று நாள் கழித்துத்தான் வருவார். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பெண் நினைவுக்கு வந்தார். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், வாடகை, தையல் பிரித்தும் இன்னும் சரியாக மடங்காத என் கணவரின் விரல் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பேசாமல் நானும் பொறுப்பாளரோடு சேர்ந்து தேடினேன். எத்தனை நிமிடம் என்று சரியாகச் சொல்ல முடியாது. பத்து நிமிடம் இருக்கும். இதை எழுதும்போது அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

மறுபடியும் போன் அடித்தது. இம்முறை மயக்க மருந்து டாக்டரே பேசினார்.

"கிடைச்சுதாம்மா?"

"தேடிட்டிருக்கோம் டாக்டர்."

"பத்தரைக்கு நான் முடிவு பண்ணியாகணும். எனக்கு மூணு மருந்து மேல சந்தேகம். மூணையும் விட்டுட்டுப் பண்ணலாம், ஆனா அந்த அம்மாவுக்கு ஹார்ட்டும் கொஞ்சம் வீக். சுத்தி வளைச்சுப் பண்றதும் ஆபத்துதான். எது ஆகாதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

போனை வைத்தபோது மணி ஒன்பது ஐம்பது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அட்டெண்டர் எப்படித் தப்பு செய்திருப்பார் என்று யோசித்துப் பொறுப்பாளர் தேடிக்கொண்டிருக்கிறார். தப்பு என்னுடையது. நான் வாயைத் திறக்காதவரை அவர் தவறான இடங்களில்தான் தேடுவார்.

"சார், அதை வச்சது நான்தான்."

அவர் திரும்பினார். நோட்டை நீட்டினேன். பார்த்தார். முகம் மாறியது, ஆனால் திட்டவில்லை. திட்ட நேரமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"சரி. அன்னைக்கு எப்படி வச்சீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

எப்படி வைத்தேன்? ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஃபைல் வைக்கிறேன். அதில் ஒன்றை எப்படி நினைவில் வைப்பது? கண்ணை மூடினேன். அந்த எண்ணைச் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே என் உதடு அசைவது எனக்கே தெரிந்தது. ஃபைலை மேசையில் பார்க்கிறேன், கடைசி இரண்டு இலக்கத்தை வாய்க்குள் இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டே ரேக்கை நோக்கி நடக்கிறேன். பதினோரு வருடப் பழக்கம். எண் என்றால் எனக்கு அது எழுத்து இல்லை, சத்தம். தர்ட்டீன், தர்ட்டீன் என்று சொல்லிக்கொண்டே நாலு வரிசை தாண்டி நடந்தால், கடைசியில் இருக்கும் அந்த ஒலி தேய்ந்துவிடும். பிறகு மிஞ்சுவது தர்ட்டி.

எத்தனை டாக்டர்களின் வாயில் இந்தச் சிக்கலைப் பிடித்திருக்கிறேன்! ஃபிஃப்டீன் மில்லிகிராமா ஃபிஃப்டியா என்று பெடலை விட்டுவிட்டு அழுத்திக் கேட்டிருக்கிறேன். என் வாயை நான் கேட்கவில்லை.

"சார், முப்பதுல பாருங்க. முப்பது."

"முப்பதா? ஒண்ணு மூணு எப்படிக்கா முப்பதாகும்?"

"கண்ணுல ஆகாது சார். காதுல ஆகும்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஏணியை இழுத்துக்கொண்டு முப்பதாம் ரேக்குக்கு ஓடினார். அந்த எண் எந்தத் தட்டில் வர வேண்டுமோ அங்கே பார்த்தார். இல்லை. அதற்கு முன்னும் பின்னும் பார்த்தார். இல்லை. ஏணியிலிருந்தே என்னைப் பார்த்தார். அப்படியென்றால் இதுவும் இல்லை. அப்படியென்றால் எனக்கு எதுவுமே தெரியாது.

"எறங்குங்க சார், நான் பாக்கறேன்."

ஏறினேன். ஒவ்வொரு ஃபைலாக, முதுகில் இருக்கும் எண்ணோடு நிற்காமல், வெளியே எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆறாவதோ ஏழாவதோ ஒரு தடித்த ஃபைல், டயாலிசிஸ் நோயாளி ஒருவருடையது. அதை இழுத்தபோது அதன் அட்டைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய ஃபைல் நழுவி என் கைமேல் விழுந்தது. எண்ணைப் பார்த்தேன். இலக்கம் இலக்கமாகப் பார்த்தேன். பிறகு பெயர், ஊர். உப்பிலியபுரம்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடி படியேறினேன். தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. வெளியே பெஞ்சில் வேட்டி சட்டையில் ஒருவர் எழுந்து நின்றார். கையில் ஸ்கேன் கவர். அந்த அம்மாவின் கணவர் என்று சொல்லாமலே தெரிந்தது. நான் அவரைப் பார்க்காமல் உள்ளே நீட்டினேன்.

டாக்டர் அங்கேயே நின்று புரட்டினார். ஐந்தாவது தாளில் விரல் நின்றது. பத்து விநாடி படித்தார். பிறகு நர்ஸிடம் சொன்னார். "ஸ்கோலின். இந்த அம்மாவுக்கு ஸ்கோலின் கிடையாது. போர்டுல எழுதுங்க." ஆபரேஷனுக்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து அது.

அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"இவ்வளவு முக்கியமான விஷயம், ஆறு வருஷமா அஞ்சாவது தாளுக்குள்ள கிடக்குது. ஏம்மா இதை அட்டை மேலயே எழுதல?"

ஆறு வருடத்துக்கு முன்பு நான் ஸ்ரீரங்கத்தில் மாடியறையில் இருந்தேன். அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

கீழே வந்து, வெளியே எடுத்த ஃபைல்களை முப்பதாம் ரேக்கில் திரும்ப அடுக்கினேன். ஒரு மணிக்குத் தியேட்டரிலிருந்து தகவல் வந்தது. ஆபரேஷன் முடிந்தது, அந்த அம்மா கண் விழித்துவிட்டார், மூச்சு சரியாக இருக்கிறது. பொறுப்பாளர் அதைக் கேட்டுவிட்டுத் தன் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

மத்தியானம் இந்தச் சம்பவத்தைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதித் தர வேண்டியிருந்தது. அவர் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

"ஃபைல் இடம் மாறி இருந்தது, தேடி எடுத்துக் கொடுத்தோம்னு மட்டும் எழுதலாம்க்கா. பொய் இல்லையே."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அப்படி எழுதினால் அட்டெண்டர் மேல்தான் சந்தேகம் போகும். ஏற்கனவே காலையில் போய்விட்டது. தவிர, ஒரு இடத்தைக் காலியாக விடுவதற்கும் தெரிந்ததை மறைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் வைத்தேன், நான் தவறாக வைத்தேன், இப்படித் தவறினேன் என்று எழுதினேன். நான் சிறிது நேரம் சொல்லாமல் இருந்ததையும் எழுதினேன். அந்த வரியைப் பார்த்து அவர், "இது வேணுமாக்கா?" என்று கேட்டார். அந்த வரியை நான் அடித்துவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். நான் எழுதியதை அவர் படித்திருந்தார்.

"தப்பு பண்றவங்க இங்க நிறைய பேர் இருக்காங்க. எப்படிப் பண்ணேன்னு எழுதினவங்க நீங்க ஒருத்தர்தான்" என்றார். அது பாராட்டா என்று முடிவு செய்வதற்குள், "மூணு மாசம் கூடுதலாப் பாப்போம். இன்னொரு தடவை நடந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

வேலை போகவில்லை. அன்றே இரண்டு விஷயம் மாறியது. ஒவ்வாமை, ஆகாத மருந்து எதுவாக இருந்தாலும் ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் எழுத உத்தரவு வந்தது. இன்னொன்று நானாகச் செய்துகொண்டது. எண்ணைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பதிமூணு, முப்பது. பதினஞ்சு, அம்பது. எவ்வளவு தூரம் முணுமுணுத்துக்கொண்டு நடந்தாலும் ஒன்று இன்னொன்றாகத் தேய்வதில்லை. ஆரம்பத்தில் அட்டெண்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முதலில் அவர்மேல் பழி விழ விட்டதைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்தி, "சரி விடுங்கக்கா" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு ஒரு வாரம் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

அந்த அம்மா டிஸ்சார்ஜ் ஆன நாளில் அவருடைய கணவர் ரெக்கார்ட் ரூமுக்கு வந்தார். இன்சூரன்ஸுக்கு கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தார். நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது என்னையே பார்த்தார்.

"அன்னைக்கு ஓடி வந்தீங்களே, நீங்கதானம்மா? பழைய ஃபைலை நீங்கதான் தேடிக் கொடுத்தீங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. நல்லா இருக்கணும் நீங்க."

சும்மா இருந்திருக்கலாம். தலையாட்டியிருக்கலாம்.

"ஐயா, அதை இடம் மாத்தி வச்சதே நான்தான். அதனாலதான் அன்னைக்கு அவ்வளவு நேரம் ஆச்சு."

அவர் கையிலிருந்த ஸ்கேன் கவரைக் கைமாற்றிப் பிடித்தார். அவர் முகத்தில் வந்தது கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்ப அந்த மருந்து பேரை அட்டைல எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேங்க. சிவப்புல, பெரிசா."

"காமிங்க."

எடுத்துக் காட்டினேன். அவர் அந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது இங்க இருக்கும். நாளைக்கு ராத்திரில அவசரமா துறையூர்ல எங்கயாச்சும் சேர்க்க வேண்டி வந்தா? அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆறு வருடமாக அவர்களிடம் யாரும் சொல்லாத விஷயத்தை அவர் கேட்டார். நான் எழுதிக் கொடுக்கலாம்தான். ஆனால் மருந்தின் பெயரை எழுத வேண்டியது நான் இல்லை.

"வாங்க, டாக்டர்கிட்டயே எழுதி வாங்கிடுவோம்."

மயக்க மருந்து டாக்டர் இரண்டாம் மாடியில் இருந்தார். அவர் தன் பெயர் அச்சிட்ட தாளில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே தமிழிலும் எழுதச் சொல்லி அந்தப் பெரியவர் கேட்டார். டாக்டர் பேனாவை என்னிடம் நீட்டி, தான் சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பெரியவர் அதை நான்காக மடித்து, ஆதார் அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு வந்திருக்கா, அவ போன்லயும் இதை ஒரு போட்டோ புடிச்சு வச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.